யாரும் திருகாத ஸ்பேனர்

"அதைத் திருகாதீங்க..."

குரல் மழைக்குள்ளிருந்து வந்தது. பழைய இரும்புக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, குடை ஒரு பக்கமாகச் சாய, தேங்கிய தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள் ஒருத்தி.

அவன் கையில் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர். முழங்கை நீளம். கைப்பிடியில் செப்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. துருப்பிடித்து இறுகிக் கிடந்த அதன் திருகில் கடைக்காரரிடம் வாங்கிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தட்டி, உருட்டி... இப்போதுதான் அசைய வைத்திருந்தான்.

"திருகியாச்சுங்க," என்றான் பெருமையாக. "மொதல்ல அசையவே மாட்டேன்னுச்சு. இப்ப பாருங்க, வெண்ணெய் மாதிரி ஓடுது..."

கட்டைவிரலால் உருட்டினான். ஸ்பேனரின் வாய் மூடியது. திறந்தது. மறுபடி மூடியது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவனுக்குத் தொழிலே கண்கள்தான். இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க யாராவது ஒருவரின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, "இதுல தெளிவா இருக்கா, அதுலயா?" என்று கேட்பவன். எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கிறான். ஆனால் அவை எல்லாம் அவனைத் தாண்டிச் சுவரிலிருக்கும் எழுத்துகளைத்தான் பார்க்கும். இந்தக் கண்கள் அவனைப் பார்த்தன. நனைந்த இமைகளுக்குக் கீழே, ஆழமான, கருத்த கண்கள்... அவற்றில் நிறைந்து நின்றது மழைத் தண்ணீர்தானா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க," என்றான், ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே. "கடையில வாஷ் பேசின் குழாய் ஒழுகுது... அதுக்காகத்தான்..."

"வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க."

திரும்பி நடந்தாள். சாய்ந்த குடையை நிமிர்த்தக்கூட இல்லை.

"என்னண்ணே இது?" என்று கடைக்காரரைக் கேட்டான்.

"அதுதான் ஸ்பேனர் மேடம்," என்றார் அவர், துருப்பிடித்த சங்கிலியைத் தூக்கித் தராசில் போட்டபடி. "பழைய ஸ்க்ரூ ஸ்பேனரா தேடித் தேடி வாங்கும். ஒரு கண்டிஷன்... யாரும் திருகியிருக்கக் கூடாது. எந்த அளவுல வாய் திறந்து கிடக்கோ அப்படியே வேணும். இதையே ரொம்ப நேரம் தூரத்துலேருந்து பாத்துட்டு ஓடி வந்துச்சு பாவம். நீ அதுக்குள்ள அவசரப்பட்டுட்ட."

"எண்ணெய் நீங்கதானே குடுத்தீங்க?"

"கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? நல்ல கதையா இருக்கே."

கடைக்குத் திரும்பி, வாஷ் பேசினுக்குக் கீழே படுத்து, அந்தச் சின்னக் குழாயின் நட்டை அந்தப் பெரிய ஸ்பேனரால் இறுக்கினான். கொசுவை அடிக்கச் சம்மட்டி எடுத்த மாதிரிதான். ஆனால் ஒழுகல் நின்றது. அவன் மனசுக்குள் மட்டும் ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது...

மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கு என்று தெரியாவிட்டாலும். வெறும் கையோடு போகவும் மனசில்லை. அன்று சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து அந்த ஸ்பேனரைத் துடைத்தான். கண்ணாடிச் சில்லில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் பொறுக்காத கை அது. துருவைச் சுரண்டி, லென்ஸ் துடைக்கும் துணியால் தேய்த்துத் தேய்த்து, ஸ்பேனரின் தாடையில் தன் முகம் தெரியும்வரை விடவில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று கடைக்காரர்தான் சொன்னார். உள்ளே போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தான்.

சீட்டை வாங்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். அதே கண்கள். இப்போது நனையவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

"சுகர் டெஸ்ட். எந்த டாக்டர் எழுதினாங்க?"

"நானேதான்."

"சாப்பிட்டு வந்தீங்களா, சாப்பிடாமலா?"

"சாப்பிடத் தோணல... நேத்திலேருந்தே."

உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாக ஆவதற்குள் அதை நிறுத்திவிட்டாள். "கையை நீட்டுங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"ஆ... எறும்பு கொஞ்சம் பெருசு போல."

"நேத்து அந்தத் திருகுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்கும்."

"மேடம்... நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கு நிஜமாவே தெரியல. தெரியாம மன்னிப்புக் கேட்டா அது பொய்யாயிடும். சொன்னீங்கன்னா ஒழுங்கா கேட்டுடுவேன்."

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அவனைப் பார்த்தாள். இப்படி ஒருத்தன் பேசி அவள் கேட்டதில்லை. 'சாரி' என்று ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுப் போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். இவன் சாரியைக்கூடச் சரிபார்த்துவிட்டுத்தான் தருவானோ...

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. சித்தி இருப்பாங்க," என்றாள். "பாத்தா புரியும்."

சித்தி கதவைத் திறந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டாள். "வாங்க தம்பி. நீங்கதான் அந்தத் திருகின ஆளா? உள்ள வாங்க. எல்லார் வீட்டுலயும் சுவத்துல கல்யாண போட்டோ தொங்கும். எங்க வீட்டுல என்ன தொங்குதுன்னு நீங்களே பாருங்க..."

சித்திக்குப் பின்னால் நின்றிருந்த அவள் உள்ளறையின் விளக்கைப் போட்டாள்.

அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

சுவர் முழுக்க ஸ்பேனர்கள். தரையிலிருந்து உத்தரம் வரை. மரக் கைப்பிடி போட்டவை, பாம்பு போல வளைந்த கைப்பிடி கொண்டவை, சுண்டுவிரல் அளவில் பொம்மை போன்றவை, இரண்டு கையால் தூக்க வேண்டியவை... சிலவற்றில் பக்கத்தில் திருகு. சிலவற்றில் கைப்பிடியையே சுற்ற வேண்டும். ஒன்றில் ஆப்பு, ஒன்றில் வில். கறுப்பு, பழுப்பு, செம்மண் நிறத் துரு. எல்லாவற்றின் வாயும் திறந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில்... பேசிக்கொண்டிருந்த ஒரு பெருங்கூட்டம், யாரோ உள்ளே வருவதைப் பார்த்துப் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொண்டது போல.

அவனுக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.

"பிடிக்க வேண்டியது ஒரு நட்டை," என்றாள் அவள் மெல்ல. "அதுக்கு எத்தனை பேர் எத்தனை விதமா யோசிச்சிருக்காங்க பாருங்க. ஆனா நான் சேர்க்கிறது அதுக்காக இல்ல. இந்த வாய் திறந்திருக்கே, இது சும்மா இல்ல. கடைசியா எந்த நட்டைப் பிடிச்சதோ அந்த அளவு. அதுக்கப்புறம் அந்தக் கை இதைத் தொடவே இல்ல. இதோ இது... ஏதாவது லாரிச் சக்கரமா இருக்கும். இந்தச் சின்னது, ஒரு குழந்தையோட சைக்கிள்னு வச்சுக்கோங்க. பொண்ணு வளர்ந்துட்டான்னு அப்பா சீட்டை உயர்த்தியிருப்பார். இறுக்கிட்டு, அப்படியே வச்சிருப்பார்..."

அவன் அந்தச் சின்ன ஸ்பேனரின் வாயைப் பார்த்தான். வெறும் இடைவெளிதான். ஆனால் அதற்குள் ஒரு சைக்கிள் நின்றது. ஒரு பெண் குழந்தை கால் எட்டாமல் பெடலைத் தேடியது. வெறும் காற்றுக்குள் இத்தனை பேரைப் பார்க்கிற இந்தக் கண்களுக்கு எந்தக் கண்ணாடி ஈடாகும்?

"இதையெல்லாம் எப்படிச் சேர்க்க ஆரம்பிச்சீங்க?"

சித்தி அவளைப் பார்த்தாள். அவள்தான் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணைத் தேடி. எங்கம்மா தண்ணி பம்ப் ஹவுஸ்ல ஃபிட்டர். பொம்பளை ஃபிட்டரான்னு சிரிச்சவங்களே, குழாய் வெடிச்சா அம்மாவைத்தான் கூப்பிடுவாங்க. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிச்சு வந்தாங்க. பையைக் கதவோரம் வச்சாங்க. படுத்தாங்க. காலையில எழுந்திருக்கல. பையை நான் தொடவே இல்ல. அப்புறம் வீடு மாத்தும்போது எங்கண்ணன், இரும்புதானேன்னு, பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டான். அதுலேருந்து அவன்கிட்ட நான் பேசறதில்ல. கடை கடையா தேடினேன். தேடினது கிடைக்கல. கிடைச்சதை விட்டுட்டு வரவும் மனசு வரல. யாரோ ஒருத்தரோட கடைசி வேலையை நான் திருகாம வச்சிருந்தா... எங்கம்மாவோடதையும் யாராவது ஒருத்தர் திருகாம வச்சிருப்பாங்கன்னு..."



ஸ்பேனரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்த துணிப் பொட்டலத்தை அவன் பார்த்தான். "கைப்பிடியில செப்புக் கம்பி..."

"அம்மாவுக்குச் சின்னக் கை. பிடிப்பு வேணும்னு அவங்களே சுத்தினது."

கடவுளே... வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று பெருமை வேறு அடித்தோமே.

"இருங்க," என்றான் அவசரமாக. "வழி இருக்கு. தாடை நின்ன இடத்துல துரு ஒரு கோடு விட்டிருக்கும். என் கடையில லென்ஸ் இருக்கு, மயிரிழை வரைக்கும் பார்க்கலாம். அந்தக் கோட்டுல கொண்டுபோய் வச்சா..."

பேசிக்கொண்டே துணியைப் பிரித்தான். பிரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஸ்பேனர் பளபளத்தது. கோடும் இல்லை, துருவும் இல்லை. நிலைக்கண்ணாடி போல அவள் முகத்தைக் காட்டியது.

"துடைச்சுட்டீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை. "மிச்சமிருந்ததையும் துடைச்சுட்டீங்க."

"எனக்கு... எதையும் துடைச்சே பழக்கம்..."

"வச்சுட்டுப் போங்க. இனிமே வராதீங்க."

வாசல்வரை வந்த சித்தி மட்டும் கிசுகிசுத்தாள். "கோவக்காரிதான் தம்பி. ஆனா 'வராதீங்க'ன்னு இவ இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. இந்த ரூமுக்குள்ள யாரையும் விட்டாத்தானே சொல்றதுக்கு..."

அந்த வார்த்தையைக் கையில் பொத்தி எடுத்துக்கொண்டு நடந்தான்.

ஸ்பேனரில் அளவு போய்விட்டது. சரி... அளவு எங்கிருந்து வந்தது? ஒரு நட்டிலிருந்து. நட்டு எங்கே போகும்? இந்தக் கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஊரின் கோடியிலிருந்த பம்ப் ஹவுஸுக்குப் போனான். திரும்பி வந்து, பரிசோதனைக் கூடம் மூடும் நேரத்தில் எதிரே நின்றான். மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே நின்றான்.

வெளியே வந்தவள் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வராதீங்கன்னு சொன்னேன்ல."

"வீட்டுக்கு வரல. ரோட்டுலதான் நிக்கிறேன்."

"நல்லா நில்லுங்க. காய்ச்சல் வரட்டும். அதுக்கும் டெஸ்ட் இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். அந்த நட்டு இருக்கு. அம்மா கடைசியா இறுக்கினது. பம்ப் ஹவுஸ் ஆபரேட்டருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் தொடல... சத்தியமா ஒரு விரல்கூட வைக்கல. பாத்துட்டு மட்டும் வந்தேன்."

அவள் நடை நின்றது. இத்தனை கடைகள் ஏறி இறங்கியவள், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போனதே இல்லை. போனால் அம்மா அங்கே இல்லை என்பது தெரிந்துவிடும். தெரியாமலே இருக்கட்டும் என்று சுற்றி வந்துகொண்டிருந்தாள். இந்த மனுஷன், நேற்று வந்தவன், அங்கேயே போய் நின்றுவிட்டு வந்திருக்கிறான்... நனைந்த கோழி மாதிரி இங்கேயும் நிற்கிறான்.

"கூட வருவீங்களா?" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

பம்ப் ஹவுஸுக்குள் சத்தம் இடி போலிருந்தது. தரை அதிர்ந்தது. யானைகள் வரிசையாகப் படுத்திருப்பது போல நீலப் பெயின்ட் அடித்த குழாய்கள். ஆபரேட்டர், காதில் பஞ்சு வைத்த ஒல்லியான மனிதர், அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா பொண்ணா நீ? அதே நெத்தி... வாம்மா, இப்பவாவது வந்தியே." கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "இந்த வரிசையில குழாய் சேர்ற எந்த மூட்டைப் பாத்தாலும் சொட்டும். மாசத்துக்கு ஒரு தடவை இறுக்கியாகணும். இது ஒண்ணுதான்... அன்னிக்கு சாயங்காலம் அக்கா புது வால்வு மாட்டி இறுக்கினது. அதுக்கப்புறம் நாங்க தொட்டதே இல்ல. தொட வேண்டிய அவசியமே வரல."

அவர் காட்டிய இடத்தில் இரண்டு குழாய்கள் சேர்ந்திருந்தன. சுற்றிலும் வளையமாக நட்டுகள். பெயின்ட் உரிந்து, புழுதி படிந்து... ஆனால் எலும்பு போலக் காய்ந்திருந்தன. பக்கத்து மூட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, இதில் ஒரு ஈரம் இல்லை.

அவள் மெல்ல உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

இரும்புக்கு உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே குடிக்கிற தண்ணீர். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, அவள் தினமும் கை கழுவுகிற குழாய்க்கு... எல்லாம் இந்தப் பிடிக்குள் புகுந்துதான் போயிருக்கிறது. அம்மா இறுக்கிவிட்டுப் போன பிடிக்குள்.

"இன்னும் விடல," என்றாள்.

 பேசினால் அந்த இடத்துக்கு மரியாதை இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. நட்டுகளையும் அவற்றின் மேலிருந்த அந்தக் கையையும் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு பெரிய ஒன்றின் எதிரில் தான் நிற்பதை அவனால் நம்பவே முடியவில்லை.

நேற்றிலிருந்து கூடவே சுமந்துகொண்டிருந்த ஸ்பேனரை அவள் பையிலிருந்து எடுத்தாள். அதன் வாயை அந்த நட்டுகளில் ஒன்றில் பொருத்தித் திருகை மெல்ல நகர்த்தினாள். தாடை வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மாவின் அளவு. இப்படியே எடுத்துப்போய்ச் சுவரில் மாட்டிவிடலாம்...

"அக்கா பொண்ணே," என்று கத்தினார் ஆபரேட்டர். "ஸ்பேனர் கையில இருக்கறப்பவே பக்கத்து மூட்டையும் கொஞ்சம் பாரேன். காலையிலேருந்து உயிரை வாங்குது."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் பதறிப்போய்த் தலையாட்டினான். வேண்டாம், அளவு மாறிவிடும், வேண்டாம்...

அவளோ சிரித்தாள். முதல் முறையாக, முழுசாக.

ஸ்பேனரை எடுத்து, சொட்டிக்கொண்டிருந்த நட்டில் வைத்தாள். அது கொஞ்சம் பெரிய நட்டு. கட்டைவிரலால் திருகை உருட்டினாள்... எண்ணெய் விட்ட திருகு, வெண்ணெய் போல ஓடியது. செப்புக் கம்பியில் கை வைத்து இழுத்தாள். பிடிப்பு சரியாக இருந்தது. அவளுக்கும் சின்னக் கைதான்.

"ஒரு கை குடுங்க, கண்ணாடிக்காரரே. வேடிக்கை பாக்கவா வந்தீங்க?"

அவன் கை அவள் கைக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பற்றியது. இருவருமாக இழுத்தார்கள். சொட்டு தயங்கியது... இன்னொன்று விழுந்தது... பிறகு விழவில்லை.

வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. சத்தம் பின்னால் போகப் போக, இருவருக்கும் காது அடைத்துப்போன மாதிரி ஒரு அமைதி.

"அண்ணன் மேல ரொம்பத்தான் கோவப்பட்டுட்டேன்," என்றாள். "அவன் போட்டது இரும்பைத்தான். அம்மா இங்க இருந்திருக்காங்க... நான்தான் வரல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள், "இனிமே வாராவாரம் பழைய இரும்புக் கடைக்கு அலைய வேண்டாம். தேட ஒண்ணும் இல்ல."

"அப்ப... வரவே மாட்டீங்களா அந்தப் பக்கம்?"

"எதுக்கு வரணும்?"

"சும்மா..."

"சும்மாவா? சும்மா யாராவது பழைய இரும்புக் கடைக்கு வருவாங்களா?"

"நான் வருவேன்."

"எதுக்காம்?"

அவன் தரையைப் பார்த்தான். தன் செருப்பைப் பார்த்தான். தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்தான்.

"ஊர்ல இருக்கற கண்ணையெல்லாம் பாக்கறவரு," என்றாள் அவள். "இங்க பாத்துப் பேச மாட்டேங்கறார்."

"அது தொழில்ங்க. தொழில்னா பாத்துடுவேன். இது..." நிமிர்ந்தான். அந்தக் கண்களை நேராகப் பார்த்தான். பார்த்தபிறகு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. "அந்தச் சுவத்து முன்னால நின்னப்பவே என் பேச்சு போயிடுச்சு. யாரோ தெரியாதவங்களோட வேலைக்கே இவ்வளவு மரியாதை குடுக்கறாங்களே, இவங்க பக்கத்துல இருக்கற வாழ்க்கை எப்படி இருக்கும்னு... அதுலேருந்து வேற நினைப்பே இல்ல. நான் தப்பு பண்ற ஆள்தான். இன்னும் எதையாவது துடைச்சு வைப்பேன். ஆனாலும்... எனக்கு உங்ககூட இருக்கணும்."

தூறல் அவள் இமைகளில் தங்கியது. கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். ஒரு எண்ணைத் தேடினாள். நெடுநாளாகத் தொடாத எண் போல. விரல் கொஞ்சம் தயங்கியது.

"அண்ணா... நான்தான்."



"அம்மா ஸ்பேனர் கிடைச்சிருச்சுண்ணா... ஆமா, அதேதான்... இல்ல, கோவம் எல்லாம் இல்ல... ஐயோ, நீ ஏன் அழற? நீ அழுதா நானும் அழுவேன். ரோட்டுல நிக்கறேன்ண்ணா..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இரு. இங்க ஒருத்தர் இருக்கார். உன்கிட்ட என்னமோ கேக்கணுமாம்."

போனை நீட்டினாள்.

அவன் அதை வாங்கிக் காதில் வைத்தான். "வ... வணக்கங்க..." "யாருங்க? சொல்லுங்க," என்றது மூக்கடைத்த ஒரு குரல். பரிதாபமாக அவளைப் பார்த்தான்.

அவள் குடையை அவன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நெருங்கி வந்தாள்.

"தைரியமா கேளுங்க," என்றாள், அவன் மட்டும் கேட்கும் குரலில். "நான் சரின்னு சொல்லியாச்சு."

"எப்ப?"

"இப்பதான்..."